காலால் பிடித்த காலப்பிரமாணம்: பர்டின் பவானும் கேலியார்டும்

ஆங்கிலேய இசையமைப்பாளர் வில்லியம் பர்டின் 'எர்ல் ஆஃப் சாலிஸ்பரி' பவானையும், அதற்கு ஜோடியான கேலியார்டையும் டிஜிட்டல் பியானோவில் பழகி வருகிறேன். பவான் நிதானமாக ஆடும் பழைய ஐரோப்பிய நடனம், கேலியார்டு துள்ளி ஆடுவது; அந்த நடன வடிவங்களில் அமைந்த இசை இவை. இரண்டும் 1612-13 வாக்கில் லண்டனில் வெளிவந்த 'பார்த்தீனியா' தொகுப்பில் உள்ளவை. வர்ஜினல் என்ற பழைய விசைப்பலகை வாத்தியத்துக்கென்று இங்கிலாந்தில் அச்சான முதல் தொகுப்பு அது. பர்ட், ஜான் புல், ஆர்லாண்டோ கிப்பன்ஸ் மூவருமாக 21 உருப்படிகள்.

பவானில் இரண்டே சிறு பகுதிகள். பர்டின் மற்ற பவான்களில் பெரும்பாலும் மூன்று பகுதிகள் வரும், ஒவ்வொன்றும் பொடி ஸ்வரங்களோடு அலங்கரித்துத் திரும்பவும் வரும். இதில் அது கிடையாது. அதனால் விரலுக்குச் சீக்கிரம் படிந்துவிட்டது. ஆனால் பியானோ ஒலியில் வாசித்தால் கனத்துப்போய்க் கிடந்தது.

வர்ஜினலில் கட்டையை அழுத்தினால் இறகு முனை ஒன்று தந்தியை மீட்டும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் ஒலி கூடாது. எனவே அதேபோலத் தந்தியை மீட்டும் ஹார்ப்சிகார்ட் வாத்தியத்தின் ஒலிக்கு மாற்றி, அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் வசதியையும் அணைத்தேன். அப்புறம் அழுத்தம் காட்ட ஒரே வழிதான்: அழுத்தம் வேண்டிய ஸ்வரத்துக்கு முந்தையதை ஒரு நூல் முன்னதாக விட்டுவிடுவது. வலது கை ஏறும்போது நடுவிரல், மோதிரவிரல் என்று மாற்றி மாற்றி வைக்கும் அந்தக் காலத்து விரல் முறை இதற்கு அருமையாக உதவுகிறது. ஸ்வரங்கள் தாமாகவே இரண்டிரண்டாகப் பிரிகின்றன.

சுருதி மெனுவில் மீன்டோன் என்ற அந்தக் காலத்துச் சுருதி முறை இருந்தது, அதையும் போட்டேன். ஈ மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) அசைவே இல்லாமல் நின்றது. ஜி ஷார்ப்பையும் ஈ ஃபிளாட்டையும் சேர்த்து அழுத்தினால் மட்டும் ஊளையிடுகிறது. பவான் அந்தப் பக்கமே போவதில்லை.

சரி, கேலியார்டை எந்த வேகத்தில் வாசிப்பது? இதற்கு விடை கையில் கிடைக்கவில்லை, காலில் கிடைத்தது. துவானோ ஆர்போ பிரான்சின் லாங்ரே நகரில் 1589-இல் வெளியிட்ட 'ஆர்கெசோகிராஃபி' என்ற நடன நூலில் அடவுகள் விளக்கமாக இருக்கின்றன. கேலியார்டுக்கு ஆறு எண்ணிக்கை: நான்கில் கால் மாற்றி மாற்றி முன்னால் வீச வேண்டும், ஐந்தில் துள்ளல், ஆறில் தரையிறங்கி நிற்பது. கூடத்தில் ஆடிப் பார்த்தேன். வேகம் கூடினால் துள்ளி இறங்க நேரமில்லை. குறைந்தால் உடம்பு அந்தரத்தில் நிற்காது. இரண்டுக்கும் நடுவே கிடைத்த வேகத்தை மெட்ரோனோமில் குறித்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்தபோது, ஐந்தாவது எண்ணிக்கையில் கை தானாகவே இலேசானது. நான் இத்தனை நாளும் தேடியது அதைத்தான்.

பர்டின் இந்த உருப்படிகள் ஆடுவதைவிடக் கேட்பதற்கே எழுதப்பட்டவை என்றுதான் நினைக்கிறேன். மேல் ஸ்வர வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவே ஓடும் உள்குரல்கள் அவ்வளவு நுணுக்கமாகப் பின்னிக்கொண்டு போகின்றன. நேரடியான ஆட்டத் தாளம் வேண்டுமென்றால் பாரிஸில் பியர் அத்தேன்யான் 1531-இல் அச்சிட்ட கேலியார்டுகள் இருக்கின்றன: இடது கையில் உறுதியான கார்டுகள், வலது கையில் ஓடும் ஸ்வரங்கள். இப்போது அவற்றில் ஒன்றை வாசித்து, தாளம் உடம்பில் ஏறிய பிறகே பர்டிடம் போகிறேன்.

கேலியார்டில் ஸ்வரத்தைக் குலுக்கி அலங்கரிக்கச் சொல்லும் குறிகள் இன்னும் என் வேகத்தை இழுக்கின்றன. இப்போதைக்குப் பாதியை விட்டுவிட்டு, துள்ளலைக் காப்பாற்றிக்கொண்டு வாசிக்கிறேன்.