கலிபோர்னியாவில் மருந்து தானம்: வழக்கிலிருந்து காக்கும் காகிதங்கள்

முதியோர் இல்லங்களில் நோயாளி இறந்துவிட்டாலோ டாக்டர் மருந்தை மாற்றிவிட்டாலோ, பிரிக்காத மாத்திரை அட்டைகள் அப்படியே மிஞ்சிவிடும். அவற்றை வசதியற்ற நோயாளிகளுக்குக் காசில்லாமல் கொடுப்பதற்காகவே கலிபோர்னியா 2005இல் சட்டம் இயற்றியது. கொடுக்கும் நிறுவனம், தானமாகப் பெறும் கிளினிக், மருந்தாளுநர் எல்லோருக்கும் சிவில், கிரிமினல் வழக்குகளிலிருந்து அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பைத் தரும் 150206ஆம் பிரிவைப் படிக்காமல் யாரும் இறங்கக் கூடாது. நடைமுறையை மீறினாலோ, கெட்ட எண்ணமோ கடும் அலட்சியமோ இருந்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். "நல்லதுக்குத்தானே செய்தோம்" என்பது எடுபடாது.

சறுக்கும் இடம் தொடக்கத்திலேயே இருக்கிறது. நீங்கள் மருந்தைப் பெறும் கிளினிக் என்றால், உங்கள் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) இந்தத் திட்டத்தை ஏற்றிருக்க வேண்டும். பிறகு கவுண்டி சுகாதாரத் துறைக்கும் மருந்தகங்களைக் கண்காணிக்கும் மாநில பார்மசி போர்டுக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கடிதம் போட்ட அன்றே பெட்டிகளை வாங்க ஆரம்பிக்காதீர்கள். கடிதம் கிடைத்தது என்று கவுண்டி உறுதிசெய்து பதில் அனுப்பிய பிறகுதான் நீங்கள் திட்டத்துக்குள் வருகிறீர்கள். அந்தப் பதிலைக் கோப்பின் முதல் தாளாக வையுங்கள்.

இனி மேசை வேலை. முப்பது குழி அட்டையைக் கையில் எடுத்ததும் பின்பக்கம் திருப்பி, ஒவ்வொரு குழியின் மேலும் விரலை ஓட்டுங்கள். ஒரு குழி கிழிந்து டேப் ஒட்டியிருந்தாலும் அந்த அட்டை வேண்டாம். காலாவதியானதும் வேண்டாம். போதை மருந்துக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை, சீல் உடையாமல் இருந்தாலும், கூடவே கூடாது. நோயாளி கையில் போயிருந்த மருந்தும் ஆகாது. ஊழியர் பொறுப்பில் ஒரே இடத்தில் வைத்திருந்ததாக இருக்க வேண்டும். மாத்திரையைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது என்பதால், கொடுக்கும் நிறுவனத்திடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள்.

பழைய நோயாளியின் பெயரைக் கறுப்பு மார்க்கரால் அடித்தால் போதாது, வெளிச்சத்தில் பிடித்தால் எழுத்து தெரியும். லேபிளை உரித்துவிடுவது நல்லது, அல்லது மருந்தைப் புதுக் குப்பியில் மாற்றிக் கொடுங்கள். தானமாக வந்தவற்றை மற்ற மருந்துகளிலிருந்து பிரித்துத் தனியாக வைப்பது கட்டாயம். எங்கிருந்து வந்தது என்ற விவரம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கவுண்டிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று: இந்தப் பாதுகாப்பு லைசென்ஸைக் காக்காது. போர்டு ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் அது வேறு கணக்கு. உங்கள் காப்பீடு இந்த வேலைக்கும் பொருந்துமா என்று தொழில் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அட்டையில் லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) இல்லாவிட்டால், அந்த மருந்து சந்தையிலிருந்து திரும்பப் பெறப்படும்போது அந்த மருந்தின் கையிருப்பு முழுவதையும் ஒதுக்கத்தான் வேண்டும்.