7.3 மில்லிமீற்றர் தகடு எந்தக் கடையில் கிடைக்கும்?

கிழக்கிலங்கையின் சம்மாந்துறைப் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு எங்கள் பட்டறையிலிருந்து அதிகம் போவது ஒரு பிரக்கட்தான். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் உச்சியில் சுழலும் தண்டுக்கு பெயாரிங் வேண்டும். அந்த பெயாரிங்கைத் தாங்குவது இது. எல் வடிவத்தில் தகட்டை வெட்டி, ஓர் அடித்தகட்டில் வெல்டிங் செய்வோம். ஒவ்வோர் ஆலையிலும் தண்டின் விட்டம் வேறு, சுவரிலிருந்து தள்ளியிருக்கும் தூரமும் வேறு என்பதால் முன்பு ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் கீறினோம்.

இப்போது ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் ஒரே மாதிரியுருதான். தண்டின் விட்டம், கையின் நீளம், கையின் உயரம், தகட்டின் தடிப்பு, உள்மூலையின் வளைவு ஆகிய ஐந்து மட்டுமே மாறலாம். மற்றதெல்லாம் இவற்றோடு கட்டப்பட்டவை. போல்ட் துளையின் நடுவிலிருந்து விளிம்புக்கு, துளை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும் என்று ஒருமுறை எழுதிவிட்டால், பெரிய போல்ட் வரும்போது விளிம்பு தானாகவே தள்ளிப்போகும். 1963இலேயே இவான் சதர்லாந்து தன் ஸ்கெச்பேட் என்ற வரையும் நிரலில் இந்தக் கோடு அந்தக் கோட்டுக்குச் சமாந்தரம் என்று கணினியிடம் சொல்ல வழி செய்திருந்தார். பழைய யோசனைதான், பட்டறைக்கு வந்து சேரத்தான் இத்தனை காலம்.

இதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு வளைவை ஏதோ ஒரு விளிம்பில் தொங்கவிட்டால், அளவு மாறும்போது மென்பொருள் அந்த விளிம்புக்கு வைத்த பெயர் மாறி, அதற்குப் பின்னால் வந்தவை எல்லாம் பிழை என்று சிவப்பாகிவிடும். 2024 நவம்பரில் வந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பில் இந்தத் தொல்லை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் நான் முடிந்தவரை அடிப்படைத் தளங்களிலேயே கட்டுகிறேன்.

2022 பொருளாதார நெருக்கடியில் இரும்பு விலை ஏறிய பிறகுதான் எடையைக் குறைக்கும் வேலை தொடங்கியது. ஒரு பைத்தான் நிரல் எண்களை மாற்றிக் கொடுக்கும், கல்குலிக்ஸ் என்ற மென்பொருள் தகைப்பை, அதாவது சுமையால் இரும்புக்குள் ஒவ்வோர் இடத்திலும் எழும் அழுத்தத்தை, கணக்கிடும். கையின் உயரத்தைப் பத்து வீதம் கூட்டினால் விறைப்பு ஏறக்குறைய 33 வீதம் கூடும், ஏனென்றால் உயரம் மும்மடியில் வருகிறது. அதே இரும்பைத் தடிப்பில் போட்டால் கிடைப்பது பத்து வீதம்தான். நிரல் இதை உடனே பிடித்துக்கொண்டு கையை உயரமாக்கி, தகட்டை மெலிதாக்கி, 7.3 மில்லிமீற்றர் என்றது. கல்முனையில் எந்த இரும்புக்கடையில் போய் அதைக் கேட்பது? தடிப்புக்கு எல்லை கொடுப்பதை விட்டுவிட்டு 6, 8, 10 என்று பட்டியலே கொடுத்துவிட்டேன்.

உள்மூலை இன்னும் சுவாரசியமானது. கூர்மையாக விட்டால், கணக்குக்காக வடிவத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலையை நுணுக்க நுணுக்கத் தகைப்பு ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்திலும் நிற்காது. அப்படியொரு எண்ணைக் குறைக்கச் சொல்வதில் பொருளில்லை. வளைவு கொடுத்தால் நிற்கும். வட்ட வளைவைக் கட்டாயமாக்காமல் விட்டபோது, ஓரிடத்தில் இறுக்கமாகவும் கையை நோக்கிப் போகப்போக விரிந்தும் ஒரு வடிவம் வந்தது. கிளை மரத்தோடு சேரும் இடம் மாதிரி. கேஸ் கட்டரால் அதைக் கையில் வெட்ட முடியாது, அதனால் சிறியதும் பெரியதுமாக இரண்டு வட்டவில்களால் ஒப்பேற்றினோம். லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிட்டது.

வெட்டுவதற்கு முன் படத்தைக் காக்காவிடம் காட்டினேன். பட்டறையில் மூத்தவர். கையின் நுனி மெலிந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இதில காலை வெச்சித்தான் தம்பி பொடியன்மார் மேல ஏறுவானுகள்" என்றார். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத சுமை, ஆனால் ஏறக்குறைய 800 நியூட்டன். பெரும்போக அறுவடையில் ஈர நெல் வந்து வாளிகள் அடைத்து, பெல்ட் உதறும்போது வரும் இழுவையையும் அவரே சொன்னார். இரண்டையும் தனித்தனிச் சுமைகளாகச் சேர்த்து மறுபடி ஓடவிட்டோம். நுனி கொழுத்தது. எடை கொஞ்சம் ஏறியும் பழையதைவிடக் குறைவாகவே இருக்கிறது.

மிச்சமிருப்பது வெல்டிங். கணக்கில் அது குறையில்லாமல் ஒட்டிய ஒரே இரும்பு. நிஜத்தில் அந்த ஓரத்திலிருந்துதான் வெடிப்பு தொடங்குகிறது. அங்கே அனுமதிக்கும் தகைப்பைப் பாதியாக்கி வைத்திருக்கிறேன். அதெல்லாம் சரி, பக்கத்தில் ஒரு முக்கோணத் தகட்டையும் ஒட்டு என்கிறார் காக்கா. குறைத்த எடையில் பாதி அதிலேயே திரும்பி வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த ஓடருக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.