பூஸ்டரில் துருவா? முதலில் மாஸ்டர் சிலிண்டரைப் பாருங்கள்

பழைய ஜென், எஸ்டீம், சான்ட்ரோவில் பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம் ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) ஒட்டி வட்டமான கறுப்புத் தகர டப்பா ஒன்று தெரியும். அதுதான் இன்ஜின் உருவாக்கும் வெற்றிடத்தை (வேக்குவம்) வைத்து நாம் மிதிக்கும் விசையைக் கூட்டித்தரும் பிரேக் பூஸ்டர். சர்வோ என்றும் சொல்வார்கள். அதில் துருவைப் பார்த்ததும் சிலர் பெயின்ட் அடித்து மூடிவிடுகிறார்கள், சிலர் நேரே புது பூஸ்டர் வாங்கி மாட்டுகிறார்கள். துரு எங்கிருந்து வந்தது என்று பார்க்காவிட்டால் இரண்டுமே நிற்காது.

பிரேக் ஆயிலை அழுத்திச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரில் வந்து சேரும் இடத்துக்குக் கீழே பெயின்ட் வழித்தடமாக உரிந்து, அங்கே மட்டும் துரு பிடித்திருந்தால் அது பிரேக் ஆயிலின் வேலை. பெயின்டைக் கரைத்துவிடும் திரவம் அது. வெறும் தகரம் மிஞ்சினால் மழைக்காலத்தில் துரு தானாக வரும். பிரேக் ஆயில் டேங்க் மூடியிலிருந்து சிந்தியிருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் பின்பக்க சீல் போயிருக்கவும் வாய்ப்பு அதிகம். சீல் கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே போகும். தரையில் ஒரு சொட்டுகூட விழாமல் டேங்கில் மட்டும் அளவு இறங்கினால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். உறுதிப்படுத்த, மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளைக் கழற்றி, பைப்புகளைத் திறக்காமல், அவை வளையாத அளவுக்குச் சற்றே முன்னால் இழுங்கள். பூஸ்டரின் வாய்க்குள் விரல் விட்டால் ஈரம் தெரியும்.

அடுத்து பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு முறை மிதித்து உள்ளே இருக்கும் வேக்குவத்தைத் தீர்த்துவிட்டு, பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். பிறகு இன்ஜின் ஓடும்போது மிதித்துப் பிடித்து, ஆஃப் செய்து 30 விநாடி அப்படியே வையுங்கள். பெடல் மேலே தள்ளினால் எங்கோ காற்று கசிகிறது. உடனே பூஸ்டரைக் குறை சொல்லாதீர்கள். இன்ஜினிலிருந்து பூஸ்டருக்கு வரும் வேக்குவம் ஹோஸில் விரிசல் இருக்கலாம், அதிலுள்ள ஒன்வே வால்வு பழுதாகியிருக்கலாம். வால்வைக் கழற்றி வாயால் ஊதினால் பூஸ்டர் பக்கத்திலிருந்து இன்ஜின் பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும். இந்தச் சின்ன வால்வுக்காகவே பல நல்ல பூஸ்டர்கள் குப்பைக்குப் போகின்றன.

மேலோட்டமான துரு என்றால் வயர் பிரஷால் கையாலேயே தேய்த்து, ரஸ்ட் கன்வெர்ட்டர், பிரைமர், பெயின்ட் அடித்தால் போதும். கிரைண்டர் வேண்டாம், தகரம் மெல்லியது. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்தும்போது செதில் செதிலாக உதிர்ந்தாலோ, இரண்டு தகடுகளும் சேரும் மடிப்பு விளிம்பிலோ போல்ட் அடியிலோ குழி விழுந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். பூஸ்டருக்குள் இருக்கும் 8 அங்குல டயஃப்ரம் (ரப்பர் தடுப்பு) 0.6 பார் அழுத்த வித்தியாசத்தில் ஏறக்குறைய 200 கிலோ விசை தருகிறது. ஓட்டை விழுந்தால் அந்த உதவி மொத்தமும் போய், பெடல் கட்டைபோல் இறுகிவிடும். பிரேக் பிடிக்கும், ஆனால் முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். மடிப்பைப் பிரித்து ரிப்பேர் செய்யவும் முயலாதீர்கள், உள்ளே பலமான ஸ்பிரிங் இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் பூஸ்டர் விலை குறைவுதான், ஆனால் அதன் ரப்பருக்கும் உங்கள் ரப்பரின் வயதுதான்.

கழற்றும் வேலை எளிது, இடம்தான் நெருக்கடி. மாஸ்டர் சிலிண்டரை எடுத்தபின், டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து பெடலில் உள்ள ஸ்பிளிட் பின்னையும் கிளெவிஸ் பின்னையும் உருவி, நான்கு நட்டுகளைக் கழற்றினால் பூஸ்டர் முன்பக்கமாக வந்துவிடும். பழைய கிளெவிஸ் (பூஸ்டர் ராடைப் பெடலோடு இணைக்கும் கவை) எவ்வளவு நீளத்தில் நின்றது என்று வெர்னியரில் அளந்து, புதியதிலும் அதே அளவில் லாக் நட்டை இறுக்குங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை மறுபடி போடக் கூடாது.

பலரும் கோட்டைவிடுவது, பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும் முன்பக்க புஷ்ராட் அளவில். ராட் முனைக்கும் மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி வேண்டும். பெரும்பாலான கார்களில் அது 1 மி.மீ.க்கும் குறைவு, சரியான எண் உங்கள் மாடலின் மேனுவலில் இருக்கும். ராட் நீளமாக இருந்தால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஆயில் டேங்குக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும். ஓட ஓட ஆயில் சூடேறி விரிந்து, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். குட்டையாக இருந்தால் பெடல் ஆழமாகப் போகும். டெப்த் கேஜ் இல்லையென்றால் ராட் முனையில் ஒரு சிட்டிகை களிமண்ணை ஒட்டி, சிலிண்டரை வைத்து நட்டை இறுக்கிக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளக்கலாம். அளந்ததும் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள்.

பின்பக்க சீல் கசிந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையேல் புது பூஸ்டருக்குள்ளும் ஆயில் போகும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ஓரிங் புதிதாக இருக்கட்டும். பைப் திறந்திருந்தால் ஏர் எடுப்பதும் (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது) கட்டாயம்.

கடைசியாகப் பிரேக் லைட் அணைகிறதா என்று பாருங்கள். அணையாவிட்டால் பெடல் முழுதாக மேலே வரவில்லை அல்லது சுவிட்ச் அட்ஜஸ்ட் ஆகவில்லை. சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, ஜாக்கி போட்டு நான்கு சக்கரங்களையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றுங்கள். எல்லாமே இறுகி நின்றால் புஷ்ராட் அளவைத் திரும்பப் பாருங்கள்.