முட்டைக்கோழித் தீவனத்தில் நறுமண எண்ணெய்: எதை எதிர்பார்க்கலாம்?

முட்டைக்கோழித் தீவனத்தில் தாவர நறுமண எண்ணெய் சேர்க்கலாமா என்று கேட்பவர்களிடம், எந்த வேதிப்பொருளை, எந்த அளவில், எந்த நிலையில் இருக்கும் கோழிக்குக் கொடுக்கப்போகிறீர்கள் என்றே நான் முதலில் கேட்கிறேன். இந்த மூன்றுக்கும் விடை இல்லாமல் ‘பலன் உண்டு’ என்று சொல்வதும் ‘பலன் இல்லை’ என்று சொல்வதும் ஒரே அளவுக்குப் பொறுப்பற்றவை என்பது என் உறுதியான கருத்து.

வளர்ச்சியைத் தூண்டுவதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் சேர்ப்பதை ஸ்வீடன் 1986-இல் நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் அது தடைசெய்யப்பட்டது. மாற்று தேடியவர்களின் கவனம் நறுமண எண்ணெய்களின் மீது திரும்பியதற்கு இது முக்கியக் காரணம். முட்டைக்கோழியைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மஞ்சள்கரு சினைப்பையில் வேகமாகப் பெருத்து முதிர்வதற்கு ஏறத்தாழ பத்து நாட்கள் ஆகின்றன. அந்த நாட்களில் இரத்தத்தில் சுற்றும் கொழுப்பில் கரையக்கூடிய எந்தப் பொருளும் அதில் படியக்கூடும். ஆகவே மருந்தை இன்று நிறுத்தினாலும் அதன் எச்சம் அடுத்த பல நாட்களின் முட்டைகளில் வந்துகொண்டிருக்கலாம். முட்டையிடும் பருவத்தில் கொடுக்கத்தக்க மருந்துகள் மிகச் சிலவாக இருப்பதற்கு இதுவே அடிப்படை.

எண்ணெயின் பெயர் நமக்கு அதிகம் சொல்வதில்லை. ஓம எண்ணெயில் முதன்மையாக இருப்பது தைமால், ஆரிகனோ என்ற மூலிகையில் பெரும்பாலும் கார்வக்ரால், கிராம்பில் யூஜினால், இலவங்கப்பட்டையில் சின்னமால்டிஹைடு. தைம் என்ற ஒரே செடியிலேயே தைமால் மிகுந்த வகையும், கார்வக்ரால் மிகுந்த வகையும், இரண்டும் குறைந்து லினலூல் மிகுந்த வகையும் இருக்கின்றன. அறுவடைப் பருவமும் வடிக்கும் முறையும் இந்த விகிதத்தை மேலும் மாற்றுகின்றன. முதன்மைப் பொருட்களின் அளவைக் குறிப்பிடாமல் செடியின் பெயரை மட்டும் அச்சிட்டு வரும் பொருளை நான் பரிந்துரைப்பதில்லை.

தைமாலும் கார்வக்ராலும் பாக்டீரியாவின் உயிரணுச் சவ்வில் உள்ள கொழுப்படுக்கில் புகுந்து அதன் கட்டுக்கோப்பைத் தளர்த்துகின்றன. உள்ளிருக்கும் பொட்டாசியம் போன்ற அயனிகள் கசிய, உயிரணு தன் ஆற்றலை இழந்து செயலற்றுப்போகிறது. ஆய்வகத் தட்டில் இது மிகத் தெளிவாகத் தெரியும். கோழியின் குடலோ வேறு உலகம். அங்கே தீவனத்தின் கொழுப்பும் புரதமும் எண்ணெயைத் தம்மிடம் பிடித்துவைத்துக்கொள்கின்றன. எஞ்சியதில் பெரும்பகுதி சிறுகுடலின் முற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகிறது. சால்மொனெல்லா என்ற நோய் பாக்டீரியா அதிகம் குடியிருக்கும் இடமோ குடலின் பின்முனையில் இருக்கும் பெருங்குடல் வாய்ப் பைகள். வெறும் எண்ணெயாகக் கொடுத்தால் அங்கே போய்ச் சேர்வது மிகச் சொற்பம். எண்ணெயைக் கொழுப்பு அல்லது பிற பொருளால் உறையிட்டு மெல்ல மெல்ல வெளிவரச் செய்யும் தொழில்நுட்பம் இதனால்தான் தேவைப்படுகிறது. உறையிடுவது ஆவியாகி வீணாவதையும் குறைக்கும்; தீவனத்தைச் சூடாக்கிக் குருணையாக்கும் ஆலைகளில் இது இன்னும் முக்கியம். மாவுத் தீவனத்தில் சூட்டுச் சிக்கல் இல்லை என்றாலும், திறந்த மூட்டையில் பல வாரங்கள் கிடக்கும் கலவையின் வாசனை குறைந்திருந்தால், அந்த எண்ணெயில் ஒரு பகுதி காற்றோடு போய்விட்டது என்றே பொருள்.

முட்டை உற்பத்தி கூடுமா? ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. சிலவற்றில் முட்டையிடும் விகிதமோ தீவன மாற்றுத் திறனோ (உண்ட தீவனத்தை முட்டையாக மாற்றும் திறன்) மேம்பட்டிருக்கிறது, சிலவற்றில் எந்த வேறுபாடும் இல்லை. சுத்தமான கொட்டகையில் நல்ல தீவனம் உண்டு உச்சத்தில் இடும் இளம் கோழியிடம் மேம்படுத்த அதிக இடமில்லை. வெப்பம், நெரிசல், குடல் தொற்று ஆகியவற்றால் நலிந்த மந்தையில் பலன் தெரியும் வாய்ப்பு கூடுதல். ஆனால் ஓட்டின் தரம் குறைந்தவுடன் எண்ணெயைத் தேடி ஓடுவது முறையன்று. ஒவ்வொரு ஓட்டிலும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் இருக்கிறது. அந்த ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில் கழிகிறது. வெப்பத்தில் கோழி வாய் திறந்து இரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு மிகையாக வெளியேறுவதால் ஓட்டுக்குத் தேவையான பைகார்பனேட் இரத்தத்தில் குறைகிறது. கோழி உண்ணும் அளவும் குறைகிறது. பிற்பகலில் பெரிய துகள் சுண்ணாம்புக்கல் கிடைக்கிறதா, குளிர்ந்த நீர் இருக்கிறதா, காற்றோட்டம் போதுமா என்று பார்ப்பதே முதல் வேலை. இவற்றின் குறையை எந்த நறுமண எண்ணெயும் ஈடுசெய்யாது.

எனக்கு மிகுந்த நம்பிக்கை தரும் பயன் மஞ்சள்கருவில் இருக்கிறது. ஆளிவிதை போன்றவற்றைக் கொடுத்து ஒமேகா-3 மிகுந்த முட்டை எடுக்கும்போது, அந்தக் கொழுப்பு அமிலங்கள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிக்கடிக்கத் தொடங்கும். ஆரிகனோ, தைம், ரோஸ்மேரி ஆகியவற்றின் பொருட்கள் இந்தச் சிதைவைத் தாமதப்படுத்துவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. வைட்டமின் ஈ-யை அகற்றிவிட்டு இவற்றை வைக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குத் துணையாக வைப்பதே சரி.

அளவைப் பொறுத்தவரை, ஆய்வுகள் பெரும்பாலும் கிலோ தீவனத்துக்குச் சில பத்து மில்லிகிராம் முதல் சில நூறு மில்லிகிராம் வரை சோதித்துள்ளன. கிலோவுக்கு 100 மில்லிகிராம் என்றால், நாளொன்றுக்கு 110 கிராம் உண்ணும் கோழிக்குக் கிடைப்பது 11 மில்லிகிராம். டன்னுக்கு 100 கிராம் மட்டுமே சேர்வதால், தவிட்டிலோ சுண்ணாம்பிலோ முன்கலவை செய்யாமல் நேரடியாக ஊற்றினால் சில கோழிகளுக்கு மிகையாகவும் சிலவற்றுக்குச் சற்றும் இல்லாமலும் போகும். மிகையானால் கோழி தீவனத்தைக் குறைக்கும்; முட்டையிலும் வாசனை ஏறக்கூடும். குடிநீரில் எண்ணெய் தானாகக் கரையாது என்பதால் குழம்பாக்கி (எண்ணெயை நீரில் கலந்து நிற்கச் செய்யும் பொருள்) சேர்ந்த தயாரிப்பையே பயன்படுத்த வேண்டும். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசியை நீரில் கொடுக்கும் நாளில் அதையும் தவிர்த்துவிடுவது நல்லது.

பலனை அளக்கும் முறையில்தான் பெரும்பாலோர் ஏமாந்துபோகிறார்கள். சேர்ப்பதற்கு முந்தைய மாதத்தையும் பிந்தைய மாதத்தையும் ஒப்பிடுவதில் பொருளில்லை. வயது ஏற ஏற முட்டையின் எண்ணிக்கை குறையும், எடை கூடும், ஓடு மெலியும், இவை எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும். ஒரே மந்தையில், ஒரே வயதில், ஒரே கொட்டகையில் கூண்டு வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்து, பாதிக்கு எண்ணெய் உள்ள தீவனமும் பாதிக்கு அது இல்லாத அதே தீவனமும் கொடுக்க வேண்டும். ஆயிரம் கோழிகளில் ஒரு சதவீத வேறுபாடு என்பது நாளுக்குப் பத்து முட்டைகள். அன்றாட ஏற்றத்தாழ்வே அதைவிட அதிகம் என்பதால் பல வாரங்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்த பிறகே எதையும் சொல்ல முடியும். முட்டைகளை எண்ணும்போது உடைந்தவற்றையும் ஓடு மெலிந்தவற்றையும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். மீந்த தீவனத்தை எடைபோட்டு, கொடுத்த அளவிலிருந்து கழியுங்கள்.