எண்ணுக்கு அடுத்த பத்தி

சிங்கப்பூரில் இருந்துகொண்டு இரவு வானத்தின் ஒளிர்வை அளக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலோர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. 2016இல் இத்தாலிய ஆய்வாளர் ஃபால்கியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட, செயற்கை ஒளியால் வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதைக் காட்டும் உலக வரைபடத்தில், ஒளிமாசு மிகுந்த நாடாக முதலிடம் பிடித்தது இந்தத் தீவுதான். கண் இருட்டுக்கு முழுமையாகப் பழகவே முடியாத வானத்தின் கீழ் இங்குள்ள மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்று அந்த ஆய்வு கூறியது. விடை தெரிந்த கேள்வியை இரவுதோறும் எதற்காகக் கேட்க வேண்டும் என்று பார்வையாளர்கள் மட்டுமல்ல, வானியல் படித்தவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வானம் வெளிச்சமாக இருக்கிறது என்பதை அறிய கருவி தேவையில்லைதான். ஆனால், எந்த இரவில், எதனால், எவ்வளவு என்று கேட்டால் வரைபடம் விடை சொல்லாது.

நாங்கள் பயன்படுத்துவது கனடாவின் யூனிஹெட்ரான் நிறுவனம் தயாரிக்கும் ஸ்கை குவாலிட்டி மீட்டர், சுருக்கமாக எஸ்கியூஎம். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி அது. லென்ஸ் பொருத்திய வகை, உச்சிவானத்தில் ஏறத்தாழ 20 பாகை அகலமுள்ள பகுதியிலிருந்து வரும் ஒளியைச் சேகரித்து, ஒரு சதுர வில்விநாடிக்கு (வானத்தின் மிகச் சிறிய சதுரப் பரப்புக்கு) இத்தனை மேக்னிட்யூட் என்று சொல்லும். விண்மீன்களுக்குரிய அளவுகோல் என்பதால் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுகிறது என்று பொருள். இதைப் புதிதாக வருபவர்களுக்குப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது. செயற்கை ஒளியே இல்லாத, நிலவற்ற வானம் 22ஐ ஒட்டி இருக்கும். 5 மேக்னிட்யூட் வேறுபாடு என்பது ஒளியில் 100 மடங்கு ஆகையால், 17 என்று கருவி காட்டினால் அந்த வானம் இயற்கை வானத்தைவிட 100 மடங்கு வெளிச்சமானது.

அளவீட்டை எப்போது தொடங்குவது என்பதில் இந்த இடம் எங்களுக்குச் சற்றுக் கருணை காட்டுகிறது. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் சூரியன் அடிவானத்துக்கு ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. ஏழு மணியை ஒட்டி மறையும் சூரியன் அடிவானத்துக்குக் கீழே 18 பாகையை எட்டி, வானியல் கணக்கில் அந்தி முடிவதற்கு ஒன்றேகால் மணி நேரம்கூட ஆவதில்லை. நிலவுக்கு எங்கள் அறைச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியே போதும். கணினி சொல்லும் நேரத்தைப் பார்ப்பதற்கு முன்பே அமாவாசைத் தாளை மடித்து வைக்கும் பழக்கம் வந்துவிட்டது. ஆண்டின் மிக இருண்ட இரவுகளுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டிய ஐப்பசி அமாவாசையை ஒட்டித்தான் தீபாவளி வருகிறது, சிராங்கூன் சாலையின் ஒளியூட்டு அலங்காரமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை, குடும்பத்தோடு போய்ப் பார்ப்பவன் நானும்தான்.

உண்மையான சிக்கல் மேகம். இருண்ட மலைப்பகுதியில் மேகம் கவிந்தால் விண்மீன் ஒளி மறைந்து வானம் மேலும் இருளும். நகரத்திலோ கீழிருந்து எழும் ஒளியை மேகம் திருப்பி அனுப்புகிறது. பெர்லினில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஓர் ஆய்வு, முழுதும் மேகம் மூடிய இரவில் நகருக்குள் வானம் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சமாவதைக் காட்டியது. தெளிந்த வானத்தை இயல்பாகவும் மேகத்தை விதிவிலக்காகவும் கொண்டு எழுதப்பட்ட வழிமுறைகள், நீண்ட வறண்ட காலமே இல்லாத இந்த ஊருக்கு அப்படியே பொருந்துவதில்லை. இங்கே விதிவிலக்கு தெளிந்த வானம்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு வாரம் முழுவதும் கருவி மேகத்தையே அளந்துகொண்டிருக்கும். அண்டை நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் சேரும் மாதங்களில், மேகமே இல்லாவிட்டாலும் காற்றிலுள்ள துகள்கள் ஒளியைச் சிதறடித்து எண்ணை மாற்றிவிடும். ஆகவே எங்கள் பதிவேட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு குறிப்புப் பத்தி உண்டு: மேகத்தின் அளவு, காற்றுத்தரக் குறியீடு, ஈரப்பதம், அன்று சுற்றுவட்டாரத்தில் புதிதாக எரிந்த அல்லது அணைந்த விளக்குகள்.

அந்தப் பத்தியின் மதிப்பை எனக்கு உணர்த்தியவர் எங்கள் இரவுப் பாதுகாவலர், நாள்தோறும் மலேசியாவின் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருபவர். தெளிந்த இரவுகளின் அளவீடுகளைக் கோடாக வரைந்த வரைபடத்தில், இரவு பத்து மணியை ஒட்டி ஒரு படி இறங்கியதுபோல வானம் சட்டென்று சிறிதளவு இருண்டுகொண்டிருந்தது; சில இரவுகளில் அந்தப் படியே இல்லை. கருவியின் மின்னிணைப்பையும் மென்பொருளையும் சோதித்துச் சலித்துப் போய் வரைபடத்தை அவரிடம் காட்டியபோது, அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, “பின்னாடி திடல் லைட்டு தம்பி. பத்து மணிக்கு அடைச்சிடுவாங்க. ஆட்டம் இல்லாத நாள்ல அதைப் போடவே மாட்டாங்களே” என்றார். “எப்படிண்ணே இவ்வளவு சரியா சொல்றீங்க?” என்று கேட்டதற்கு, அந்த விளக்கு அணைந்ததும்தான் அவருடைய இரண்டாவது சுற்று தொடங்கும் என்றார். அன்றிலிருந்து திடலின் முன்பதிவு அட்டவணையும் எங்கள் பதிவேட்டில் சேர்ந்தது. எதிர்ப்புறம் இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளின் தாழ்வார விளக்குகள் விடியும்வரை ஒரே அளவில் எரிவதால் அவை வரைபடத்தில் படியை உண்டாக்குவதில்லை. மாறாமல் எரியும் விளக்கை வரைபடத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதையும் அந்தத் திடல் விளக்குதான் எனக்குப் புரியவைத்தது.

ஆண்டறிக்கை எழுதும் காலத்தில், ‘சராசரி மட்டும் போதும்’ என்று மேலிடத்திலிருந்து கேட்பார்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஓர் இரவு 16, மறு இரவு 18 என்று வைத்துக்கொள்வோம். கூட்டி இரண்டால் வகுத்தால் 17 வரும். ஆனால் மேக்னிட்யூட் மடக்கை (லாகரிதம்) அளவு, எண் ஒன்று மாறினால் ஒளி மடங்கு கணக்கில் மாறும். ஒளியின் அளவாக மாற்றிச் சராசரி எடுத்து மறுபடி மேக்னிட்யூடுக்குத் திருப்பினால் விடை ஏறத்தாழ 16.6. இது கணக்கில் உள்ள பிசகு மட்டுமன்று. மேகம் மூடிய இரவையும் தெளிந்த இரவையும் கலந்து எடுத்த சராசரி, எந்த இரவிலும் இருந்திராத ஒரு வானத்தைக் காட்டுகிறது. தெளிந்த இரவுகளுக்குத் தனி எண், மேகமூட்டத்துக்குத் தனி எண் என்றே கொடுக்கிறேன். தெளிந்த இரவுகள் மிகக் குறைவாக இருந்த மாதத்துக்கு எண்ணே கொடுப்பதில்லை.

கருவிப் பராமரிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வெளியில் நிரந்தரமாக வைக்கும் கருவிக்குக் கண்ணாடி மூடிய உறை வேண்டும், அந்தக் கண்ணாடியே 0.1 மேக்னிட்யூட் அளவுக்கு ஒளியைத் தின்றுவிடும் என்பதால் அதைக் கணக்கில் கழிக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலங்கள் இந்த ஊர்க் காற்றில் விரைவில் நிறம் மாறிவிடுகின்றன. உறைக்குள் குடியேறும் எறும்புகளைத் தடுக்க இன்னும் வழி கிடைக்கவில்லை.

இப்போது என்னை அதிகம் யோசிக்க வைப்பது நிறம். மஞ்சள் நிற சோடியம் தெருவிளக்குகளை எல்இடி விளக்குகளுக்கு மாற்றும் பணியை நிலப் போக்குவரத்து ஆணையம் கட்டம் கட்டமாகச் செய்தது. வெள்ளை எல்இடியில் நீலம் கூடுதல். நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். எஸ்கியூஎம் கருவிக்கோ நிறம் தெரியாது, எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கூட்டித் தருகிறது. அதன் உணர்திறனும் மனிதக் கண்ணின் உணர்திறனும் ஒன்றல்ல என்பதால், எண் மாறாத நிலையிலும் கண்ணுக்கு வானம் மாறியிருக்கக்கூடும். அதனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் விளக்குகள் மாறிய காலத்துக்கு முந்தைய பதிவுகளையும் பிந்தையவற்றையும் ஒரே கோடாக வரைவதை நிறுத்திவிட்டோம். மீன்கண் லென்ஸ் பொருத்திய கேமராவால் முழு வானத்தையும் நிறத்தோடு படமெடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பதிகிறோம். குறிப்புப் பத்தி இதனால் இன்னும் நீண்டிருக்கிறது, விரிதாளைத் திறப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எண்ணை மட்டும் அனுப்பச் சொல்பவர்களுக்கும் அந்தப் பத்தியோடு சேர்த்துத்தான் கோப்பை அனுப்புகிறேன்.