மஞ்சக்குப்பம் ஃபிளாட்டின் பூர்வீகம் தேடியது

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பழைய அடுக்குமாடி ஒன்றில் வீடு விலைக்கு வந்தது. 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்துவிட்ட கட்டடம், அதனால் சுவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அடியில் இருக்கும் நிலம் யார் கையிலிருந்து எப்படி வந்தது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் பில்டர் வீட்டையா எழுதிக் கொடுத்தார்? நிலத்தில் அந்த வீட்டுக்குரிய பிரிக்கப்படாத பாகத்துக்குக் கிரயப் பத்திரம், வீட்டுக்குத் தனியாக ஒரு கட்டுமான ஒப்பந்தம், அவ்வளவுதான். புது ஃபிளாட்டுகளுக்கு இரண்டையும் சேர்த்து மதிப்புப் போடுவது 2023 டிசம்பரில்தான் வந்தது.

வில்லங்கம், அதாவது அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல், பார்ப்பது இப்போது சுலபம். பதிவுத் துறை இணையதளத்தில் கிராமமும் சர்வே எண்ணும் கொடுத்தால் காசில்லாமலே வந்துவிடுகிறது. மொத்தக் கட்டடத்தின் கிரயங்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொரு வீட்டின் பாகத்தையும் கூட்டிப் பார்த்தேன். நிலத்தின் மூலப்பத்திரத்தில் உள்ள சதுர அடியைத் தாண்டினால், அனுமதிக்கு மேல் ஒரு மாடி ஏற்றிவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். கணக்கு சரியாகவே இருந்தது.

வக்கீல் அசரவில்லை. "வில்லங்கம் சுத்தம்தான் சார், பவர் எங்கே?" என்றார்.

நிலம் அண்ணன் தம்பி இருவருடையது. அவர்கள் சார்பில் விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை வாங்கிக்கொண்டு பில்டர்தான் விற்றிருக்கிறார். அந்தப் பவர் பதிவானது பதிவு அலுவலகத்தின் 4-ஆம் புத்தகத்தில். வில்லங்கமோ சொத்துக் கிரயங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தைப் பார்த்துத் தருவது. அதனால் அதில் வராது. 4-ஆம் புத்தகத்து நகலும் சம்பந்தப்பட்டவர்கள் கேட்டால்தான் கிடைக்கும். விற்கிற அம்மாவிடம் ஒரு ஜெராக்ஸ்கூட இல்லை. விசாரித்து விசாரித்து, திருப்பாதிரிப்புலியூரில் இருந்த தம்பியைக் கண்டுபிடித்தோம். அவரே மனுப் போட்டு நகல் வாங்கித் தந்தார். காலணா லாபமில்லாத வேலை, பெரிய மனசு.

அப்புறம் அவர் சாவகாசமாக, "அண்ணன் தவறிட்டாரே, தெரியாதா?" என்றார். வயிற்றைக் கலக்கிவிட்டது. கொடுத்தவர் இறந்துவிட்டால் பவர் பொதுவாகச் செல்லாது. இறப்புச் சான்றிதழை வாங்கித் தேதி பார்த்தால், எங்கள் வீட்டின் முதல் கிரயம் அதற்கு முன்பே பதிவாகியிருந்தது. பத்திரப் பதிவு, சொத்து வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் எல்லாம் அதன்பிறகு வெறும் அலைச்சல்தான்.

மேல்மாடியில் இரண்டு வீடுகளின் கிரயம் மட்டும் அந்தத் தேதிக்குப் பிந்தியது. அவர்களிடம் சொல்லிவிட்டேன். அண்ணனின் வாரிசுகளிடம் ஒப்புதல் பத்திரம் எழுதி வாங்க இப்போது அலைந்துகொண்டிருக்கிறார்கள்.