தோலிலிருந்து நடுமூளை நரம்பணு வரை

பார்க்கின்சன் நோயை ஆராய்பவர்களுக்கு உள்ள முதல் சிக்கல், நோய் நிகழும் இடத்தை அது நிகழும்போதே பார்க்க முடியாது என்பதுதான். நடுமூளையில், உடலசைவைக் கட்டுப்படுத்த உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக அழிந்துவருகின்றன. கை நடுக்கமும் உடல் விறைப்பும் வெளியே தெரிவதற்குள் அவற்றில் பெரும்பங்கு போய்விடுகிறது. உயிரோடிருப்பவரின் மூளையிலிருந்து அந்தத் திசுவை ஆய்வுக்காக எடுக்க இயலாது. இறந்தவரின் மூளையோ நோயின் கடைசிக் கட்டத்தை மட்டுமே காட்டும்.

2006-இல் ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாகா நான்கு மரபணுக்களைக் கொண்டு எலியின் தோல் செல்களைக் கருநிலைக்குத் திருப்பினார். மறு ஆண்டே மனிதச் செல்களிலும் அது கைகூடியது. அதன் பிறகு, நோயாளியின் தோல் துணுக்கிலிருந்தோ சிறிதளவு இரத்தத்திலிருந்தோ எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்களை உருவாக்கி, கருவில் நடுமூளை உருவாகும்போது கிடைக்கும் அதே வேதிச் சமிக்ஞைகளை உரிய வரிசையில் கொடுத்து, அவருடைய மரபணுக்களையே தாங்கிய டோபமைன் நரம்பணுக்களைத் தட்டில் வளர்க்க முடிந்தது. பார்க்கின்சன் நோயில் நரம்பணுக்களுக்குள் திரளும் ஆல்பா சைனுக்ளீன் புரதத்துக்குரிய மரபணு ஒரு குரோமோசோமில் மும்மடங்காகி, மொத்தம் இரண்டுக்குப் பதில் நான்கு பிரதிகள் கொண்ட ஒரு நோயாளியின் செல்களை 2011-இல் இவ்வாறு வளர்த்தபோது, நோயில்லாத நெருங்கிய உறவினரின் செல்களில் இருந்ததைப் போல் இரு மடங்கு அப்புரதம் அவற்றில் காணப்பட்டது.

ஆனால் ஒப்பிடுவதில்தான் கவனம் தேவை. இரண்டு மனிதர்களின் டிஎன்ஏ இலட்சக்கணக்கான இடங்களில் வேறுபடும்; போதாக்குறைக்கு, ஒரே ஆய்வகத்தில் ஒரே முறையில் வளர்த்தாலும் ஒரு தட்டில் டோபமைன் நரம்பணுக்கள் மிகுந்தும் மற்றொன்றில் குறைந்தும் வரும். ஆகவே நோயாளியின் செல்லில் காணும் மாறுதல் நோயால் வந்ததா, ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். இதற்குக் கிடைத்த வழியைத்தான் இத்துறையின் மிகச் சிறந்த முன்னேற்றமாக நான் கருதுகிறேன்: நோயாளியின் ஸ்டெம் செல்லிலேயே நோய்க்குக் காரணமான டிஎன்ஏ எழுத்துப் பிழையை மட்டும் கிரிஸ்பர் போன்ற மரபணுத் திருத்தக் கருவியால் திருத்தி, திருத்திய செல்லையும் திருத்தாத செல்லையும் அருகருகே வளர்ப்பது. மற்ற அனைத்தும் ஒன்றாக இருக்கையில், திருத்தியதும் மறையும் கோளாறு அந்தப் பிழையின் விளைவே என்று துணிந்து சொல்லலாம்.

செல்லின் வயது மற்றொரு சிக்கல். கருநிலைக்குத் திரும்பும்போது முதுமையின் தடயங்கள் பெரிதும் அழிந்துவிடுவதால், எழுபது வயதுக்காரரின் செல்லும் தட்டில் இளம் நரம்பணுவாகவே நிற்கிறது. இதை வெறும் குறையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நரம்பணு சாவதற்கு நெடுங்காலம் முன்பே தொடங்கும் கோளாறுகளை, மூளையில் எவரும் காண இயலாத அந்தக் கட்டத்தை, இந்த இளம் செல்கள்தாம் காட்டக்கூடும்.

ஒற்றை மரபணுவைக் காரணமாகச் சுட்ட முடியாத பெரும்பான்மை நோயாளிகளுக்குத் திருத்தி ஒப்பிடும் வழி உதவாது. ஆயினும் 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், அத்தகையோரின் நரம்பணுக்களை சுமார் இரண்டரை மாதங்கள் வளர்த்தபோது, கிளை இழைகள் குறைந்திருந்ததையும் செல் கழிவுகளை அகற்றும் தன்னுண்ணல் பைகள் தேங்கியிருந்ததையும் கண்டார்கள். பரம்பரை வகை நோயாளிகளின் நரம்பணுக்களிலும் அதே மாற்றங்கள் இருந்தன. மருந்து தேடுவோர் முதலில் ஆராய வேண்டியது இந்தத் தேக்கத்தையே என்பது என் எண்ணம்.